ஒரு மருந்தாவது பாஸாச்சா, மேடம்?

ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்ப்பவர்களுக்கு நல்ல பெயர் கிடைக்க வழியே இல்லை. நோயாளி பிழைத்தால் டாக்டர் கைராசிக்காரர், இழுத்துக்கொண்டு கிடந்தால் 'லேப் ரிப்போர்ட் இன்னும் வரலை.'

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் மைக்ரோபயாலஜிஸ்ட். பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்து போகிறேன். ரத்தம், சளி, சீழ், சிறுநீர் என்று மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிற சமாசாரமெல்லாம் என் மேஜைக்கு வரும். அதைத் தட்டில் தடவி, சூட்டுப் பெட்டியில் வைத்து, மறுநாள் என்ன முளைத்திருக்கிறது, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். செடி வளர்ப்பவர்கள் வளரவில்லையே என்று கவலைப்படுவார்கள். நான் வளர்ந்துவிட்டதே என்று கவலைப்படுகிறவள். இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி வேறு. ரிப்போர்ட்டுக்காக ஏதாவது ஒரு வராந்தாவில் நின்று உங்களுக்குக் கால் கடுத்திருக்கிறதா? அப்படியானால் நாம் ஒரே கட்சி. நீங்கள் கதவுக்கு வெளியே நகம் கடிக்கிறீர்கள். நான் உள்ளே கையுறை போட்டிருப்பதால் கடிக்க முடியாமல் நிற்கிறேன்.

போன மழைக்காலம் முழுக்க என் நிம்மதியைக் கெடுத்தது ஐசியூவின் மூன்றாம் படுக்கை. அதைச் சுற்றி நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

புதுத்துணி மூட்டை

மூன்றாம் படுக்கைக்கு வந்தவர் டேவிட். இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் உலைப் பக்கம் வேலை. கொதிக்கும் இரும்பு தெறித்து மார்பும் இடது கையும் வெந்துபோய்க் கொண்டுவந்தார்கள். சின்ன வயசு, வீட்டில் நடை பழகும் பெண் குழந்தை. மூச்சுக்கு மெஷின் வைத்தாயிற்று. அவரை அந்த மில்லில் சேர்த்துவிட்ட ஃபோர்மேன் முனுசாமி, ஷிஃப்ட் முடிந்ததும் நேராக இங்கே வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தச் சமயம் பார்த்து ஐசியூவில் துடைக்கும் தாள் தீர்ந்துபோயிருந்தது. மருந்தில் நனைத்து வரும், ஒரு முறை துடைத்து எறிந்துவிடுகிற தாள். சப்ளைக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார். ஆயாம்மா கிழிந்த பெட்ஷீட் துண்டால் கட்டில் கம்பியைத் துடைப்பதை முனுசாமி பார்த்துவிட்டார். மறுநாள் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட்டோடு வந்து நின்றார். தொழிற்பேட்டைக்காரர்களுக்கு இது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பனியன் தைக்கும்போது வெட்டி மிஞ்சுகிற புதுத்துணித் துண்டுகள். மெஷின் துடைப்பதற்காக மில்களுக்கு மூட்டை மூட்டையாக வரும்.

ஐசியூவின் பொறுப்பு நர்ஸ் ஞானமணி சிஸ்டர் சுத்தத்தில் அப்படி ஒரு கண்டிப்பு. மூட்டையைப் பிரித்து, முகர்ந்து பார்த்து, சலவைக்கு அனுப்பி, அதன் பிறகுதான் உள்ளே விட்டார். முனுசாமி துணியோடு முறையையும் கொடுத்தார். மில்லில் காலையில் ஒரு பக்கெட்டில் எண்ணெய் ஊற்றித் துணிகளை ஊறப் போட்டுவிடுவார்களாம். வேண்டும்போது பிழிந்து துடைப்பது, திரும்ப அதிலேயே போடுவது, எண்ணெய் குறைந்தால் மேலே ஊற்றிக்கொள்வது. சிஸ்டருக்கு அது பிடித்துப்போயிற்று. எண்ணெய்க்குப் பதில் கிருமிநாசினி, அவ்வளவுதான் வித்தியாசம். இவ்வளவு எதற்கு என்று கேட்டதற்கு முனுசாமி சொன்னது:

"நம்ம புள்ள படுத்துக்கினு கீற எடம் சிஸ்டர். மெஷினுக்கே புதுத்துணி போட்றோம், அவனுக்குப் பழசா?"

வட்டம் விழாத தட்டு

டேவிட்டுக்குக் காய்ச்சல் ஏறியது. ரத்தம் என் மேஜைக்கு வந்தது. மறுநாள் முளைத்திருந்தது க்ளெப்சியெல்லா. இது ஆஸ்பத்திரிகளுக்குப் பழைய விருந்தாளி. குழாய் சொருகியவர்கள், வெந்த புண்காரர்கள், மெஷினில் மூச்சு விடுகிறவர்கள் என்று பார்த்து ஏறிக்கொள்ளும்.

மருந்துச் சோதனை எப்படி என்றால், தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, அதன் மேல் ஒவ்வொரு மருந்திலும் நனைத்த குட்டிக் காகிதப் பொட்டுகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக ஒரு வட்டம் விழும். டேவிட்டின் தட்டை எடுத்தபோது ஒரு பொட்டைச் சுற்றியும் வட்டம் இல்லை. சாதா மருந்து, விலை கூடிய மருந்து, டாக்டர்கள் தயங்கித் தயங்கி எழுதுகிற மருந்து, எல்லாவற்றையும் முட்டிக்கொண்டு புல்வெளி மாதிரி வளர்ந்திருந்தது. தப்பான தட்டாக இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு பெயரைப் பார்த்தேன். சரியான தட்டுதான்.

வெளியே டேவிட்டின் மனைவி எஸ்தர் நின்றிருந்தாள். கார்களுக்கு வயரிங் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. தினமும் காலை ஷிஃப்ட்டுக்கு முன்னால் லேப் கதவருகே வந்துவிடுவாள். ரிப்போர்ட்டை டாக்டரிடம்தான் கொடுக்க வேண்டும், அவர்தான் சொல்வார் என்பது விதி. விதியை நான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்துக்கு எந்த விதியையும் கடைப்பிடிக்கத் தெரியாது.

"எத்தினி மருந்து டெஸ்ட் பண்ணீங்க? அதுல ஒரு மருந்தாவது பாஸாச்சா, மேடம்?"

பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை

பொட்டு வைத்துப் பார்க்க முடியாத ஒரு மருந்து பாக்கி இருந்தது. கோலிஸ்டின். பழைய மருந்து, சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும் என்று பல வருஷம் ஓரம்கட்டி வைத்திருந்தார்கள். வேறு நாதி இல்லாததால் இப்போது மறுபடி கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். அதைக் குட்டிக் குட்டிக் குழிகளில் கரைத்து ஊற்றி, எந்த அளவில் கிருமி அடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

பார்த்தேன். அடங்கியது. ஆனால் எங்கள் தொழிலின் விதிப்படி இந்த மருந்துக்கு மட்டும் 'கேட்கும்' என்று தைரியமாக எழுத முடியாது. 'இடைநிலை' என்றுதான் எழுத வேண்டும். அதாவது, கேட்டாலும் கேட்கலாம், தனியாக நம்ப வேண்டாம், துணைக்கு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஐசியூ டாக்டர் முரளி அதோடு இன்னொரு மருந்தையும் சேர்த்து ஆரம்பித்துவிட்டு, எஸ்தரைக் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். காய்ச்சல் இறங்க வேண்டும், அதே நேரம் கிட்னி தாங்க வேண்டும், இரண்டையும் பார்த்துக்கொண்டே போகிறோம் என்றார். என்னையும் கூட நிற்கச் சொல்லியிருந்தார். எஸ்தர் அழவில்லை. கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"எங்க லைன்ல இத ரீவொர்க்னு தனியா ஒரு டப்பால போட்டு வெப்போம் சார். அதுல பாதி தேறும், பாதி தேறாது. என் ஊட்டுக்காரரு எந்தப் பாதி சார்?"

அடுத்த பெட்டி

அந்த நாட்களில் நான் மனுஷியாகவே இல்லை. வீட்டுக்குப் போனால் முழங்கை வரை தேய்த்துக் கழுவுவேன். கதவுத் தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளுவேன். கறிவேப்பிலையைக்கூட இரண்டு தரம் அலசினேன். என் வீட்டுக்காரர் சாதுவான மனிதர்; சோப்பு சீக்கிரம் கரைகிறது என்று மட்டும் சொல்லிப் பார்த்தார்.

ரயிலில் இன்னும் மோசம். ஒருநாள் கவரப்பேட்டையில் கூட்டம் நெருக்கியது. கம்பியைக் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சானிட்டைசரை அமுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, என்ன சங்கதி என்று விசாரித்தார். எனக்கும் யாரிடமாவது கொட்ட வேண்டும் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை, அங்கே ஒரு கிருமி, எந்த மருந்துக்கும் சாக மாட்டேன் என்கிறது, கை வழியாகத்தான் பரவும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கூடையைத் தலைக்கு ஏற்றினார். அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷன் அதுவல்ல என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"நீ நல்லா இரு தாயி. நான் அடுத்த பொட்டில ஏறிக்கறேன்."

எதைக் காட்டுவது

நான்காம் படுக்கையில் வெங்கடேசலு என்ற பெரியவர் இருந்தார். ஆரம்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில் சொந்தமாக நெல் பயிர் வைக்கிறவர். மடை திறக்கப் போன இடத்தில் பாம்பு கடித்து, மூச்சுத் தசைகள் ஓய்ந்து, மெஷினில் வந்து படுத்தார். விஷமுறிவு மருந்து அருமையாக வேலை செய்தது. கண்ணைத் திறந்துவிட்டார், கையை அசைத்துவிட்டார். மறுநாள் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் முரளி சொல்லியிருந்தார். மகன் சீனு அப்பாவுக்குப் புது வேட்டிகூட வாங்கி வைத்துவிட்டான்.

அன்றைக்குக் காய்ச்சல் வந்தது. சளி என்னிடம் வந்தது. மறுநாள் தட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் படுக்கையில் பார்த்த அதே புல்வெளி, ஒரு பொட்டைச் சுற்றியும் வட்டம் இல்லை. டேவிட்டுக்குக் கொடுத்த அதே ஜோடி மருந்தை ஆரம்பித்தார்கள். பெரியவரின் உடம்பு தாங்கவில்லை. இரண்டு மூன்று நாளில் போய்விட்டார்.

சீனு சண்டை போடுவான் என்று நிர்வாகம் பயந்துபோய் வாசலில் ஆள் நிறுத்தியிருந்தது. அவன் சண்டை போடவில்லை. டாக்டர் கிருமி என்று சொன்னதும், அதை எங்கே பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டு லேபுக்கு வந்தான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூடிய தட்டைத் தூரத்திலிருந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"பாம்பு கடிச்சதும் அத அடிச்சி கவர்ல போட்டு எட்தாந்து காட்டினோம் மேடம், அதுக்குத் தகுந்த மருந்து குட்த்தீங்க, நைனா பொழச்சாரு. இது கடிச்சதுக்கு நாங்க இன்னாத்த எட்தாந்து காட்றது?"

பாகுப் பதம்

அவன் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எங்கள் தொழிலில் ஒரு சின்னச் சோதனை உண்டு. தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டத்தைக் கம்பி வளையத்தால் தொட்டு மெதுவாக மேலே இழுப்பது. சாதாரண ரகமாக இருந்தால் உடனே அறுந்துவிடும். இது அறவில்லை. அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது பதம் பார்ப்போமே, அதுபோல் நூலாக நீண்டுகொண்டே வந்தது. அப்படி நீண்டால், கிருமி தன்னைச் சுற்றித் தடிப்பாக ஒரு பிசினைப் போர்த்திக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். நம் ரத்தத்தில் இருக்கும் காவல் அணுக்களால் அதைப் பிடிக்க முடியாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். அதிரசம் அந்த வருஷம் எங்கள் வீட்டில் கிடையாது.

இரண்டு பேரின் கிருமியையும் ஜீன் சோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினோம். முன்பெல்லாம் மருந்துக்கு மசியாத ரகம் ஒரு குடும்பம், உடம்பைச் சூறையாடும் ரகம் வேறு குடும்பம். முதலாவது ஏற்கெனவே நலிந்தவர்களைத்தான் பிடிக்கும். இரண்டாவது முரடு, ஆனால் சாதா மருந்துக்கே சுருண்டுவிடும். இந்த இரண்டு குணத்துக்கும் உரிய ஜீன்கள் கிருமிக்குள் சின்னச் சின்ன வளையங்களில் இருக்கின்றன. பரீட்சை ஹாலில் பிட் கைமாறுகிற மாதிரி ஒரு கிருமி அதை நகலெடுத்து இன்னொன்றிடம் தள்ளிவிடும். அப்படித் தள்ளித் தள்ளி, இப்போது இரண்டு குடும்பமும் சம்பந்தம் செய்துகொண்டுவிட்டன. எங்களிடம் வந்திருந்தது அந்தச் சம்பந்தத்தில் பிறந்தது. மருந்தை உடைக்கும் ஜீனும் இருந்தது, முரட்டு ஜீனும் இருந்தது. அதைவிடப் பெரிய இடி ஒன்றும் ரிப்போர்ட்டில் இருந்தது. இரண்டு பேரிடமும் எடுத்தது அச்சு அசல் ஒரே கிருமி.

டாக்டர் முரளி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அப்படின்னா அவங்க வெளியிலேருந்து தனித்தனியா கொண்டு வரலை. உள்ள நாமதான் ஒருத்தர்கிட்டேருந்து எடுத்து இன்னொருத்தருக்குப் பரிமாறிட்டு இருக்கோம்."

தடவிப் பார்த்த நாள்

ஈரப் பஞ்சுக் குச்சிகளோடு ஐசியூவுக்குள் நுழைந்தேன். தண்ணீர்க் குழாயின் வாய், மூச்சு மெஷினின் பொத்தான், கட்டில் கம்பி, ஸ்டெதஸ்கோப், டாக்டரின் செல்போன், நர்ஸுகளின் உள்ளங்கை என்று எதையும் விடவில்லை. போலீஸ்காரி மாதிரி இருந்தது எனக்கே. டாக்டர் முரளி செல்போனை நீட்டும்போது யாராவது கூப்பிட்டால் எடுக்கலாமா என்று பயந்து பயந்து கேட்டார்.

ஞானமணி சிஸ்டருக்குத்தான் பொறுக்கவில்லை. பெரியவர் போன நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மணிக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் துடைக்க வைத்தார். ஆயாம்மா ஓய்ந்து உட்கார்ந்தால் தானே துணியைப் பிழிந்து துடைத்தார். டேவிட்டின் கட்டிலை மட்டும் யாரிடமும் விட மாட்டார். இதற்கு நடுவில் டேவிட்டுக்கு இறங்கின காய்ச்சல் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. கிட்னி சோர்வதைக் காட்டும் ரத்தக் கணக்கும் ஏறிக்கொண்டிருந்தது. நான் குச்சியை நீட்டியதும் சிஸ்டர் இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்தார். கிருமிநாசினியில் ஊறி ஊறித் தோல் உரிந்திருந்தது.

"கோயில துடைக்கற மாதிரி துடைக்கறேன் மேடம் இந்த எடத்த. என் கையவே டெஸ்ட் பண்றீங்களா?"

வாளி

மறுநாள் தட்டுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயில் இல்லை. செல்போனில் வேறு ஏதேதோ இருந்தன, இது இல்லை. ஒருவரும் தொடாத, தூசி படிந்த பீரோ மேல்பக்கத்தில்கூட இல்லை. கட்டில் கம்பியில் இருந்தது. மெஷின் பொத்தானில் இருந்தது. ஆளே இல்லாத, அப்போதுதான் பளிச்சென்று துடைத்துவைத்த ஐந்தாம் படுக்கையில் கொட்டிக் கிடந்தது. எங்கே அதிகம் துடைத்தார்களோ அங்கே அதிகம். இதை எத்தனை முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் அப்படியேதான் இருந்தது.

போய் அந்தப் பக்கெட்டிலிருந்து கொஞ்சம் மொண்டு வந்தேன். கிருமிநாசினியைப் போய் யார் சோதிப்பார்கள்? வாங்கிய கேனிலிருந்தும் எடுத்தேன். கேனில் இருந்தது சுத்தம். பக்கெட்டில் இருந்ததைப் பூசிய தட்டு மூடியைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. விஷயம் இதுதான். நாங்கள் வாங்கும் அந்த ரகக் கிருமிநாசினியின் சத்தைப் பருத்தி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பக்கெட் நிறையப் பருத்தித் துணியை ஊறப் போட்டால், கொஞ்ச நேரத்தில் சத்தெல்லாம் துணியில், மீதி வெறும் வாசனைத் தண்ணீர். துடைத்த துணியைத் திரும்ப அதிலேயே போட்டு, குறையக் குறைய மேலே ஊற்றி, கிருமிக்கு நாங்களே நீச்சல் குளம் கட்டிக் கொடுத்திருந்தோம். எண்ணெய் பக்கெட்டில் இது நடக்காது. மற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் துடைத்து எறிகிற தாளால் துடைப்பதால் அவர்களுக்கும் நடக்காது. எங்களுக்குத்தான் நடந்தது.

லேப் டெக்னீஷியன் பாஸ்கர் எதற்கும் கலங்காத ஆள். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா மேடம், கிருமிநாசினின்னு சொல்ட்டு கால்வா தண்ணிய மொண்டுக்கினு வந்துட்டீங்களா?"

சிஸ்டரிடம் சொன்னது

அவரிடம் யார் சொல்வது என்று எனக்கும் டாக்டர் முரளிக்கும் பார்வையிலேயே ஒரு பேரம் நடந்தது. நான் தோற்றேன். உடுப்பு மாற்றும் அறையில் உட்கார வைத்துச் சொன்னேன். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை சிஸ்டர், முறைதான் தப்பு, துணியும் சுத்தம், மருந்தும் சுத்தம், இரண்டையும் சேர்த்து ஊறப் போட்டதில் வந்த வினை என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாம் உண்மைதான். அவர் எழுந்து போய் அந்தப் பக்கெட்டைத் தன் கையாலேயே கழிவறையில் கவிழ்த்தார். துணியெல்லாம் எரிக்கிற பைக்குப் போயிற்று. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் சானிட்டைசர் ஞாபகம் எனக்கு வரவில்லை.

"நான் சும்மா கைய கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா அந்தப் பெரியவரு இன்னிக்கு இருந்திருப்பாரு, இல்ல மேடம்?"

மூட்டையோடு வந்தவர்

அடுத்த நாளே முனுசாமி புது மூட்டையோடு வந்துவிட்டார். சப்ளை வந்துவிட்டது, இனிமேல் வேண்டாம் என்று ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல பொய். அவர் மனசும் நோகாது. அதைச் சொல்லியும்விட்டேன். அவர் முகம் வாடவேயில்லை. பரவாயில்லை மேடம், எங்க பொண்ணு பிரசவத்துக்குச் சேர்ந்திருக்கிற நர்ஸிங் ஹோமில் இதைக் கொடுத்துடறேன், பக்கெட்டில் ஊறப் போடுகிற விதத்தையும் சொல்லிக் கொடுத்துட்டு வர்றேன் என்று மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப் போய் லிஃப்ட் வாசலில் மறித்தேன். உட்கார வைக்கவும் தோன்றவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். கிருமி முதலில் எப்படி உள்ளே வந்தது என்று எங்களுக்குத் தெரியாது, டேவிட்டுக்கு இதனால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் பரவியது இந்தப் பக்கெட்டால்தான், இன்னொரு இடத்தில் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள் என்றேன். அதுவும் பிரசவ வார்டில் வேண்டவே வேண்டாம் என்றேன். லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடிக்கொண்டு போய்விட்டது. அவர் மூட்டையைக் கீழே வைக்காமலே நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டேவிட்டின் கால் மட்டும் தெரிந்தது.

"இத நான் இப்போ எங்க போய் எறக்கறது மேடம்?"

வெறும் தட்டு

பக்கெட் போன பிறகு புதிதாக ஒருவருக்கும் வரவில்லை. ஆனால் ஏற்கெனவே வந்தவருக்குப் போக வேண்டுமே. டேவிட்டுக்குக் கிட்னி சுணங்கி டயாலிசிஸ் வரை போயிற்று. மருந்தை நிறுத்தினால் கிருமி, தொடர்ந்தால் கிட்னி. டாக்டர் முரளி அளவைக் குறைத்துக் கூட்டி, கழைக்கூத்தாடி மாதிரி நடந்தார். எஸ்தர் நாஷ்டா டப்பாவைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்ற காலைகள் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கின்றன. வேலையில் லீவு தீர்ந்துபோய், ஷிஃப்ட்டுக்கு ஓடிவிட்டு மறுபடி வருவாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குப் பேஜாராகிவிடும். சொல்ல ஒன்றும் இருக்காது.

அப்புறம் ஒரு நாள் டேவிட்டின் ரத்தத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. நான் நம்பவில்லை. இன்னொரு நாள் வைத்திருந்து பார்த்தேன். அப்போதும் இல்லை. காய்ச்சலும் இறங்கியிருந்தது. டாக்டரிடம் ரிப்போர்ட் போன பிறகு, எஸ்தரைக் கூப்பிட்டு அந்த வெறும் தட்டைக் காட்டினேன். விதி என்ன சொல்கிறது என்று நான் யோசிக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவள் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து, வலப்பக்கமிருந்தும் இடப்பக்கமிருந்தும் தட்டைப் பார்த்தாள். கம்பெனியில் அவள் எப்படி வேலை செய்வாள் என்று அன்றைக்குப் புரிந்தது.

"இன்னொரு வாட்டி செக் பண்ணுங்க மேடம். நான் ஒரே வாட்டி பாத்துட்டு எதுக்கும் பாஸ் போட்டதில்ல."

வாசலில்

இன்னொரு வாட்டி செக் பண்ணினேன். அதற்கும் அடுத்த வாட்டியும். டேவிட் தேறி, வார்டுக்கு மாறி, ஒருநாள் வீட்டுக்குக் கிளம்பினார். கிளம்புமுன் எடுத்த சோதனையில், ரத்தத்திலும் புண்ணிலும் இல்லாத அந்தக் கிருமி அவர் குடலில் மட்டும் சாதுவாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவருக்கு ஒன்றும் செய்யாது. சில மாதங்களில் தானாகப் போகலாம், போகாமலும் இருக்கலாம். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும். நான்தான் விளக்கினேன். ரொம்ப நேரம் விளக்கிவிட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நான் பயந்தாங்கொள்ளி, என் பயத்தையும் சேர்த்து அவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

வாசலில் ஆட்டோ நின்றது. அதிலிருந்து அவர் மகள் இறங்கி, தத்தித் தத்தி அப்பாவைப் பார்த்து ஓடி வந்தாள். டேவிட் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குழந்தை அவர் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்து, தூக்கவில்லை என்றதும் உதட்டைப் பிதுக்கியது. எஸ்தர் என்னைப் பார்த்தாள். தூக்கலாம், கொஞ்சலாம், கை கழுவினால் போதும், ஒன்றும் ஆகாது என்று நான் சத்தமாகவே சொன்னேன். அவர் உள்ளே திரும்பிப் போனார். வராந்தாக் குழாயில் விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று எங்கள் நர்ஸுகளே வெட்கப்படும்படி தேய்த்துக் கழுவினார். கையை உதறிக்கொண்டு வந்து, வெந்து ஆறின இடது கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, வலது கையால் அவளை அள்ளினார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவர் காதைப் பிடித்துத் திருகினாள். அவருக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

"ஃபர்னஸாண்ட நிக்கறப்பகூட நான் இவ்ளோ பயந்ததில்ல மேடம், என் பொண்ண தூக்கறதுக்கு."

கிடைக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டே தினமும் ஒன்றைத் தேடுகிற உத்தியோகம் எங்களுடையது. தேடியது கிடைத்தால் சபாஷ் சொல்கிறார்கள், கிடைக்காத அன்றுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.